பைசாந்தியத்தின் 'இருண்ட காலமும்' உடைந்த பானைகளும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கான்ஸ்டான்டிநோபிளை (இன்றைய இஸ்தான்புல்) தலைநகராகக் கொண்ட கிழக்கு ரோமப் பேரரசான பைசாந்தியப் பேரரசு பற்றித் தங்கள் இதழில் சென்ற மாதம் வெளியான கட்டுரையை இரண்டு முறை படித்தேன். ஹேகியா சோபியாவின் குவிமாடம், ராவென்னாவின் வண்ணக்கல் சித்திரங்கள், அரசர்களின் பொற்காசுகள் ஆகியவற்றைப் பற்றிய பகுதிகளில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் 7ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 9ஆம் நூற்றாண்டின் நடு வரையிலான ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளை 'இருண்ட காலம்' என்ற ஒற்றைச் சொல்லால் கடந்து, அக்காலத்துச் சாதாரண மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதற்குத் தடயமே கிடைக்கவில்லை என்று கட்டுரையாளர் எழுதியிருப்பது சரியன்று. தடயம் இருக்கிறது. அதைத் தடயம் என்று அடையாளம் காணத்தான் அறிஞர்களுக்கு நெடுங்காலம் பிடித்தது.

நான் வரலாறு பயின்றவன் அல்லன். விருத்தாசலத்தில் பீங்கான் சூளைகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சில ஆண்டுகளுக்கு முன் மகளுடன் ஏதென்ஸ் சென்றிருந்தபோது, அங்கிருந்த அருங்காட்சியகம் ஒன்றில் 13ஆம் நூற்றாண்டுக் கிண்ணம் ஒன்றின் உட்புறத்தில், நடுவே மூன்று சிறு தழும்புகளைக் கண்டேன். பக்கத்தில் நின்றவர்கள் கிண்ணத்தில் கீறியிருந்த பறவையைப் பார்த்துக்கொண்டிருக்க, எனக்கு அந்தத் தழும்புகளை விட்டுக் கண் நகரவில்லை. மெருகில்லாத பானைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிச் சுட்டாலும் அவை ஒட்டிக்கொள்வதில்லை. க்ளேஸ் என்று நாங்கள் சொல்லும் கண்ணாடிப் பூச்சு இட்ட கலங்களோ, பூச்சு உருகும்போது ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். அதற்காக இடையில் முக்காலி போன்ற சிறு களிமண் தாங்கியை வைத்துச் சுடும் வழக்கம் பைசாந்தியக் குயவர்களிடையே 1200ஆம் ஆண்டையொட்டிப் பரவியது. அந்தத் தாங்கியின் கால் பட்ட இடங்களே அந்த மூன்று தழும்புகள். அன்று தொடங்கியது இந்தக் கலங்களைப் பற்றிய என் வாசிப்பு.

இனி 'தடயமில்லை' என்ற எண்ணம் எப்படி உண்டானது என்பதற்கு வருகிறேன். கி.பி. 4 முதல் 7ஆம் நூற்றாண்டு வரை மத்தியதரைக் கடல் முழுவதிலும் உணவு மேசைகளில் இருந்தவை, வட ஆப்பிரிக்காவிலும் இன்றைய துருக்கியின் மேற்குக் கரையில் உள்ள ஃபோகாயாவிலும் சைப்ரஸிலும் செய்யப்பட்ட செந்நிற மென்பூச்சுத் தட்டுகள்; க்ளேஸ் அல்ல, நீர்த்த களிமண்ணைப் பூசிச் சுட்டவை. பானை ஆய்வாளர் ஜான் ஹேய்ஸ் 1972இல் வெளியிட்ட வகைப்பாட்டின் துணையால், அத்தட்டுகளின் விளிம்புத் துண்டு ஒன்று கையில் இருந்தாலே அது எந்தக் காலத்தது என்று ஓரளவு நெருங்கிச் சொல்லிவிடலாம். ஆனால் இத்தட்டுகள் 7ஆம் நூற்றாண்டின் இறுதியோடு வழக்கொழிந்தன. செப்புக் காசுகளும் அதே நூற்றாண்டில் பல ஊர்களில் அருகிப்போயின. ஆகவே ஓர் ஊரில் சிவப்புத் தட்டும் காசும் எந்த மண் அடுக்கோடு நிற்கின்றனவோ, அந்த அடுக்கோடு ஊரும் முடிந்துபோனது என்று அகழாய்வாளர்கள் எழுதினார்கள். அப்படி முடிந்த ஊர்களின் பட்டியலைக் காட்டி, காலம் இருண்டது என்று வரலாற்றாசிரியர்கள் எழுதினார்கள். எவர்சில்வர் வந்த பிறகு எங்கள் தெரு வீடுகளில் பீங்கான் தட்டு காணாமற்போனது; அதைக் கொண்டு எங்கள் தெருவில் சாப்பிடுவதையே நிறுத்திவிட்டார்கள் என்று யாரும் முடிவு கட்டமாட்டார்கள் அல்லவா? களப்பிரர் காலத்தை இதே சொல்லால் அழைத்துப் பழகிய நமக்கு, அந்தச் சொல் எவ்வளவு வசதியானது என்பதும் தெரியும்.

அந்த அடுக்குகளுக்கு மேலே வேறு ஓடுகள் இல்லாமல் இல்லை. பூச்சோ சித்திரமோ இல்லாத அடுப்புப் பானைகள், நீர்க்குடங்கள், தடித்த சாடிகள் ஆகியவற்றின் ஓடுகள் கூடைகூடையாகக் கிடைத்தன. காலம் சொல்லத் தெரியாததால் அவற்றை எண்ணாமலே ஒதுக்கியவர்கள் உண்டு. செவ்வியல் காலத்துப் பளிங்கைத் தேடிய அவசரத்தில் பைசாந்திய அடுக்குகளையே சரியாகப் பதிவு செய்யாமல் வாரிக் கொட்டியவர்களும் உண்டு. எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம். உடைந்த ஓரத்தைப் பார்த்தாலே அந்தக் கலம் பாதியைச் சொல்லிவிடும். வெளியே சிவந்து நடுவில் சாம்பல் நிறக் கோடு ஓடினால், சூளையில் காற்றோ நேரமோ போதவில்லை என்று பொருள். மண்ணோடு கலந்திருப்பது அப்பிரகமா, சுண்ணாம்பா, எரிமலைக் கல்லா என்று உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால், களிமண் எந்தப் பக்கத்தது என்று தேடத் தொடங்கலாம். ஓட்டுத் துண்டை மெல்லிய சீவலாகத் தேய்த்து நுண்ணோக்கியில் பார்ப்பதும், சுவரில் ஊறிய எண்ணெய், மதுவின் எச்சத்தை வேதியியல் முறையில் பிரித்தறிவதும் இன்று வழக்கமாகிவிட்டன.

இந்தக் காலத்தின் வாசற்படியில் நிற்கும் சான்று ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். துருக்கியின் போத்ரும் நகருக்கு அருகே, யாஸ்ஸியடா என்ற சிறு தீவை ஒட்டிக் கடலடியில் கிடந்த கப்பலைத் தொல்லியலாளர் ஜார்ஜ் பாஸ் தலைமையிலான குழு 1961 முதல் 1964 வரை அகழ்ந்தது. கப்பலின் நீளம் ஏறத்தாழ 20 மீட்டர். சரக்கு, மதுவும் எண்ணெயும் ஏற்றிச் செல்லும் இரு கைப்பிடிச் சாடிகளான ஆம்போராக்கள் சுமார் 900. கிடைத்த காசுகளில் கடைசியானது பேரரசர் ஹெராக்ளியஸ் காலத்தில் 625-626இல் அச்சிடப்பட்டது என்பதால், கப்பல் அதையடுத்து விரைவிலேயே மூழ்கியிருக்க வேண்டும். பின்பகுதியில் ஓடு வேய்ந்த ஒரு சமையலறை. அதில் அடுப்பு, சமையல் பானைகள், குடங்கள், விளக்குகள். எடை பார்க்க, தண்டில் குண்டை நகர்த்தி நிறுக்கும் வெள்ளிக்கோல்கள் இருந்தன. பெரிய கோலின் நகரும் எடைக்குண்டு அதீனா தேவியின் மார்பளவு உருவமாக வார்க்கப்பட்டிருக்க, கோலின் தண்டில் 'ஜார்ஜ், பிரெஸ்பிதெரோஸ், கப்பல் தலைவர்' என்று கிரேக்கத்தில் பொறிக்கப்பட்டிருந்தது. அந்த நடுச்சொல்லுக்கு மூத்தவர் என்றும் பாதிரியார் என்றும் இரு பொருள் உண்டு. கிறித்தவப் பாதிரியார் ஒருவர் பழைய தெய்வத்தின் தலையைத் தொங்கவிட்டுச் சரக்கு நிறுத்தார் என்று கற்பனை செய்ய எனக்குப் பிடித்திருக்கிறது; ஆனால் மூத்த மாலுமியாகவும் அவர் இருந்திருக்கலாம். முதல் அகழாய்வில் சாடிகளில் பெரும்பகுதியைக் கடலடியிலேயே விட்டுவிட்டு வந்தார்கள். 1980களில் அவற்றை மேலே கொண்டுவந்து கழுவியபோதுதான், பலவற்றின் மேல் எழுத்துக் கீறல்களும், சிலவற்றின் உள்ளே திராட்சை விதைகளும் தெரியவந்தன. சாடிகள் பல கைகள் மாறி மீண்டும் மீண்டும் பயன்பட்டவை என்பதும் அப்போதுதான் துலங்கியது.

அந்தக் கப்பலில் இருந்த உருண்டை வயிற்றுச் சாடியின் வழித்தோன்றல்களே அடுத்த இரு நூற்றாண்டுகளின் சாடிகள். கான்ஸ்டான்டிநோபிள், சைப்ரஸ், கிரிமியா, இத்தாலியின் போ ஆற்று முகத்துவாரம் ஆகிய இடங்களில் இவ்வகைச் சாடிகளை 8ஆம் நூற்றாண்டுக்கு உரியவை என்று இப்போது இனங்காண்கிறார்கள். எனவே இருண்டதாகச் சொல்லப்பட்ட அந்நாட்களில் மதுவும் எண்ணெயும் ஏற்றிய கப்பல்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

தலைநகரிலோ கதை இன்னும் தெளிவு. இஸ்தான்புல்லின் சராச்ஹானே பகுதியில் புனித பாலியூக்டஸ் தேவாலயம் இருந்த இடத்தை மார்ட்டின் ஹாரிசன் குழுவினர் 1964 முதல் 1969 வரை அகழ்ந்தனர். அங்குக் கிடைத்த கலங்களை அடுக்கு அடுக்காக வரிசைப்படுத்தி, அதே ஹேய்ஸ் 1992இல் வெளியிட்டார். சிவப்புத் தட்டுகள் மறையும் அதே 7ஆம் நூற்றாண்டில், வெண்களிமண்ணில் செய்து ஈயக் க்ளேஸ் பூசிய புதிய கலங்கள் தலைகாட்டுவதை அந்த வரிசை காட்டியது. வீழ்ச்சி என்று சொல்லப்பட்ட வேளையில் குயவர்கள் புதிதாக ஒரு தொழில்நுட்பத்தைக் கைக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கலங்களில் ஒன்று, அடியில் தணல் வைக்கக் குழிவான தாங்கியும் மேலே கிண்ணமும் ஒன்றாக இணைந்த சூடுகாக்கும் பாத்திரம். உப்பிட்டு நொதிக்கவைத்த மீன்சாறு போன்ற குழம்பை மேசையிலேயே சுடச்சுட வைத்துக்கொள்ள அது பயன்பட்டது என்பது பரவலான கருத்து. 968இல் தூதராக வந்த இத்தாலிய ஆயர் லியுட்பிராண்ட், அரண்மனை உணவில் அந்த மீன்சாறு மிதந்ததைப் பற்றிப் புலம்பி எழுதியிருக்கிறார். என் கவலை வேறு: ஈயப் பூச்சின்மேல் புளிப்பான குழம்பைச் சூடாக்கினால் ஈயம் கரைந்து உணவில் சேரும். அதை அவர்கள் அறிந்திருந்தார்களா என்று எனக்குத் தெரியவில்லை.

தலைநகருக்கு வெளியே அமோரியம் இருக்கிறது. இன்றைய துருக்கியில் உள்ள அனத்தோலியாவின் உட்பகுதியில் இருந்த இந்நகரை அரபுக் கலீபா அல்-முத்தசிம் 838இல் கைப்பற்றி எரித்தார். 1988இல் தொடங்கிய அகழாய்வில் அந்த எரிந்த அடுக்கு கிடைத்தது. அதற்குக் கீழே இருப்பவை 838க்கு முந்தியவை என்று சொல்லிவிடலாம் என்பதால், 'இருண்ட' நூற்றாண்டுகளின் பானைகளுக்கு ஓர் உறுதியான அளவுகோல் கிடைத்துவிட்டது. நகரின் நடுவே குளியல் கட்டடமும் திராட்சை மிதித்துச் சாறெடுக்கும் தொட்டிகளும் அக்காலத்தில் இயங்கியிருக்கின்றன.

இதனால் எல்லாம் செழிப்பாக இருந்தது என்று நான் வாதிடவில்லை. 541இல் தொடங்கிய கொள்ளைநோயும், பாரசீக, அரபுப் போர்களும், எகிப்தின் தானியம் நின்றுபோனதும் உண்மை. பல நகரங்கள் கோட்டைச் சுவருக்குள் சுருங்கின; தொலைதூரச் சரக்கு குறைந்தது; பல இடங்களில் பானைகள் உள்ளூர்த் தேவைக்கு மட்டும் செய்யப்பட்டன. ஆனால் சுருங்கியது வேறு, சுவடற்றுப் போனது வேறு. 13, 14ஆம் நூற்றாண்டுகளில் மரப் பீப்பாய்கள் பெருகி ஆம்போரா மறைந்ததையும் இங்கே நினைக்கலாம். மரம் மக்கிவிட்டது, மது வாணிகம் நிற்கவில்லை.

கடைசியாகச் சிறு திருத்தம் ஒன்று. கட்டுரையின் இரண்டாம் பக்கத்தில் அச்சிட்டிருந்த உருண்டை அடிச் சாடியின் படத்துக்குக் கீழே 'அலங்காரப் பூச்சாடி' என்று குறித்திருந்தீர்கள். அதைத் தரையில் வைத்தால் சாய்ந்துவிடும். கப்பலின் அடித்தளத்தில் நெருக்கி அடுக்குவதற்காகவே அப்படிச் செய்யப்பட்டது. அரிக்கமேட்டில் கிடைத்த ஆம்போரா ஓடுகளைப் பற்றி அறிந்த வாசகர்களுக்கு, அது அவற்றுக்குப் பல நூற்றாண்டுகள் பிந்திய அதே குடும்பத்துச் சரக்குச் சாடி என்று எழுதினாலே போதும். அடுத்த இதழில் திருத்தம் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
விருத்தாசலம்.