கோடி போவது வேறு, உடைவது வேறு

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று ராத்திரி உங்கள் டிவியில் கீழே ஓடிய வரியைப் பார்த்தேன். நம்ம பக்கத்து ஏரி "உடைந்து தண்ணீர் வெளியேறுகிறது" என்று போட்டிருந்தார்கள். நீ எழுதியதோ, வேறு யார் எழுதியதோ. உன் அத்தை பதறிப்போய் போன் செய்தாள். ஏரி உடையவில்லை, கோடி போகிறது, அவ்வளவுதான்.

ஏரி நிரம்பி, மிச்சத் தண்ணீர் அதற்கென்றே கட்டிய கலங்கல் வழியாக இறங்கினால் அது கோடி போவது. ஊரே திரண்டு போய்ப் பூ தூவிக் கற்பூரம் ஏற்றும். சில ஊர்களில் கிடாவும் வெட்டுவார்கள். கரை அறுத்துக்கொண்டு போனால்தான் உடைப்பு. கோடி போனால் அடுத்த போகத்துக்கு நெல் உண்டு. உடைந்தால் நட்ட பயிரும் போச்சு, கோடையில் கிணற்றுத் தண்ணீரும் போச்சு. "வெளியேறுகிறது" என்பது இரண்டுக்கும் பொருந்துகிற சொல், அதனால் எதையும் சொல்லாத சொல். மதகைத் திறந்து பாசனத்துக்கு விட்டால் அதுவும் வெளியேறுவதுதானே?

இன்னொன்று. ஏரியை அடுத்த வரியிலேயே குளம் ஆக்கிவிடுகிறீர்கள். ஒரே வார்த்தை திரும்ப வரக்கூடாது என்று யாரோ சொல்லிக்கொடுத்திருப்பார்கள் போல. ஏரிக்குப் பள்ளத்துப் பக்கம்தான் கரை, மேட்டுப் பக்கம் திறந்து கிடக்கும். வாலாஜா பக்கத்துப் பாலாற்று அணைக்கட்டிலிருந்து கால்வாயில் தண்ணீர் வாங்குகிற காவேரிப்பாக்கம் ஏரியைக் குளம் என்று எழுதிப் பார், சிரிப்பார்கள். குளம் என்றால் நமக்குக் கோயில் குளம், நாலு பக்கமும் படி. திருநெல்வேலிக்காரர் பாசன ஏரியையே குளம் என்பார், மதுரைப் பக்கம் கண்மாய். அதுவும் சரிதான். எந்த ஊர்ச் செய்தியோ அந்த ஊர் வார்த்தையைப் போடு. நம்ம வேலூர்க் கோட்டையைச் சுற்றி இருப்பது அகழி. அதில் படகு விட்டாலும் ஏரி ஆகாது!

பாலாற்றில் தண்ணீர் வந்தாலே நமக்கு அது செய்திதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 2021 நவம்பரில் வந்ததுதான் வெள்ளம். கணுக்கால் நனைகிற தண்ணீரையும் வெள்ளம் என்று எழுதிவிட்டால் அன்றைக்கு வந்ததை என்னவென்று எழுதுவாய்?

சந்தேகம் வந்தால் போன் செய். பத்து மணிக்கு மேல் என்றால் அம்மா நம்பருக்கு அடி, என்னுடையது சார்ஜில் கிடக்கும்.

அப்பா