கடற்பாறைக் கணக்கெடுப்பு: தரம் 10 பெற்றோருக்கு அதிபரின் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கும் பாதுகாவலர்களுக்கும்,

தரம் 10 மாணவர்கள் இவ்வருடம் வெள்ளவத்தைக் கரையில் அடுக்கப்பட்டுள்ள கருங்கற்களிலும் கல்கிசைப் பாறைகளிலும் கடலுயிர்களைக் கணக்கெடுக்கப் போகிறார்கள். மாதம் ஒருமுறை, கடல் வற்றும் நேரம் காலையில் அமையும் சனிக்கிழமையில் செல்வார்கள். ஒரு தடவை போய்வந்தால் போதாதா, தனியார் வகுப்புகளை ஏன் திரும்பத் திரும்ப விட வேண்டும் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி, விரிவாகவே பதில் சொல்கிறேன்.

பாறைகளில் கரகரப்பான வெள்ளைக் கூடுகளாக ஒட்டியிருக்கும் கொட்டலசுகளைப் பார்த்திருப்பீர்கள். இறால், நண்டு ஆகியவற்றின் உறவான முள்ளந்தண்டிலி அது. ஒட்டிய இடத்தைவிட்டுச் சாகும்வரை நகராது. ஆனால் அதன் இளமைக்காலம் பாறையில் கழிவதில்லை. நுண்ணிய குடம்பியாக, அதாவது முதிராத இளம் உயிராக, கடலில் மிதந்து, ஆறு பருவங்களைத் தாண்டி, சைப்பிரிட் என்னும் கடைசிக் குடம்பியாக மாறுகிறது. சைப்பிரிட் எதையும் உண்பதில்லை. உடலில் சேமித்த சக்தி தீர்வதற்குள் கரை சேர்ந்து, தன் இனத்தார் விட்ட இரசாயனத் தடயத்தைத் தேடி, தலைப்பக்கத்தைப் பாறையில் ஒட்டிக்கொள்ள வேண்டும். சிப்பி, மட்டி, கடல் முள்ளெலி எனப் பாறைக்கரையின் பல உயிர்கள் இத்தகைய பயணத்தை முடித்தே வந்தவை.

கொனெல் என்ற ஆய்வாளர் ஸ்கொட்லாந்தின் கம்பிரே தீவில் செய்து 1961இல் வெளியிட்ட ஆய்வு, வெயிலும் வறட்சியும் இடத்துக்கான போட்டியும் கொட்டலசுகளின் எல்லையை வகுப்பதைக் காட்டியது. அது பாறையின் மேல் நடக்கும் கதை. 1980களில் கலிபோர்னியாவில் ரஃப்கார்டன் என்ற ஆய்வாளரின் குழுவினர் கடலின் பங்கை ஆராய்ந்தார்கள். அங்கே கரையோரமாக வீசும் காற்று மேல்நீரைக் கடலுக்குள் தள்ள, ஆழத்துக் குளிர்நீர் மேலெழுகிறது. குடம்பிகளும் மேல்நீரோடு போய்விடுகின்றன. காற்று தணிந்ததும் அந்நீர் கரைக்குத் திரும்பி, பாறைகளில் புதியவை கூட்டமாக ஒட்டுகின்றன. பசிபிக் கடல் வழமையைவிடச் சூடேறி, காற்றும் நீரோட்டமும் மாறும் எல் நினோ 1997இல் வந்தபோது அக்கடற்பகுதியில் கொட்டலசுகளின் வருகை கூடியது. ஆகவே பாறையில் எத்தனை உயிர்கள் இருக்கின்றன என்பதைக் காற்றும் நீரோட்டமும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. ஒரு நாளில் எடுத்த எண்ணிக்கை இதைக் காட்டாது.

நம் கடலின் தாளம் வேறு. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றான சோளகம் வீசுகிறது; தென்கரையில் அப்போது ஆழநீர் மேலெழுகிறது. மழைக்காலத்தில் களனி கங்கை கொண்டுவரும் நன்னீர் கரையோரக் கடலின் உப்பைக் குறைக்கிறது. டிசம்பரில் வடகிழக்குப் பருவக்காற்றான வாடை வந்துவிட, தீவின் தெற்கே நீரோட்டத்தின் திசையே மாறுகிறது. இவற்றுக்கு மேலாக, 1951க்கும் 2015க்கும் இடையில் அயனமண்டல இந்து சமுத்திரத்தின் மேற்பரப்பு ஏறத்தாழ 1 பாகை செல்சியஸ் சூடேறியிருக்கிறது. நீர் சூடானால் குடம்பிகள் விரைவாக வளர்கின்றன. மிதக்கும் காலமும் போய்ச்சேரும் தூரமும் சுருங்குகின்றன. கொழும்புப் பிள்ளைகள் இதைத் தங்கள் வீட்டருகே உள்ள கல்லில் பார்த்துப் பழக வேண்டும் என்பது என் உறுதியான விருப்பம். ஓர் எண்ணைக் கண்டால் "இது எந்த மாதம் எடுத்தது?" என்று கேட்கத் தெரிந்த பிள்ளை, எந்தப் பாடத்திலும் ஏமாறாது.

அடையாளமிட்ட ஒரே இடங்களில் சதுரச் சட்டம் வைத்துப் படமெடுத்து எண்ணுவார்கள். எதையும் பிடுங்க மாட்டார்கள். சோளகத்தில் கடல் கொந்தளிக்கும் வாரங்களில் கரைக்குச் செல்ல மாட்டோம். அதற்கு முன்னும் பின்னும் எடுக்கும் படங்களை வகுப்பறையில் ஒப்பிடுவோம். புகையிரதப் பாதையை ஆசிரியர்களுடன் மட்டுமே கடக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுப்புக்கு இடமில்லை. வழுக்காத மூடிய சப்பாத்து, தொப்பி, குடிநீர் ஆகியவற்றைக் கொடுத்துவிடுங்கள்.

இணைத்துள்ள சம்மதப் படிவத்தை வருடம் முழுவதற்குமாக ஒப்பமிட்டு, வரும் வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் சேர்ப்பியுங்கள். சனிக்கிழமை வகுப்பை மாற்ற முடியாதவர்கள் என்னை நேரில் சந்தியுங்கள், வழி செய்வோம்.

இங்ஙனம்,
அதிபர்