கேமராப் பதிவைப் பார்க்கும் உரிமை யாருக்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நகரத் தெருக்களில் பொருத்தப்படும் கண்காணிப்புக் கேமராக்களைப் பற்றிய அறிவிப்புகளில் அவற்றின் எண்ணிக்கை தவறாமல் இடம்பெறுகிறது. ஆனால், பதிவுகளை யார் பார்க்கலாம் என்பது பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை. இதனால் பார்க்கக் கூடாதவர்கள் எளிதில் உள்ளே நுழைந்துவிடுகிறார்கள். சாலை விபத்தில் அடிபட்டவருக்கோ அதே பதிவு குதிரைக்கொம்பாகிவிடுகிறது.

2016-இல் பரவிய மிராய் என்ற நச்சுநிரல், தொழிற்சாலையிலேயே அமைத்துத் தரப்பட்ட சுமார் 60 பயனர்பெயர், கடவுச்சொற்களை வரிசையாகப் போட்டுப் பார்த்தே லட்சக்கணக்கான கேமராக்களையும் பிற இணையக் கருவிகளையும் கைப்பற்றியது. 2017 ஜனவரியில், அமெரிக்க அதிபர் பதவியேற்புக்குச் சில நாள்களே இருந்த நிலையில், வாஷிங்டன் காவல்துறையின் 187 பதிவுக் கருவிகளில் 123 கருவிகள், பணம் கேட்டு மிரட்டும் நச்சுநிரலால் முடங்கின. கடவுச்சொல்லை மாற்றுவதும் மென்பொருளைப் புதுப்பிப்பதும் கேமராவைப் பொருத்தும் ஒப்பந்தத்திலேயே கட்டாயமாக்கப்பட வேண்டிய வேலைகள்.

பொது இடம்தானே, எல்லாக் காட்சிகளையும் இணையத்தில் நேரலையாகத் திறந்துவிடலாமே என்று சிலர் வாதிடுகிறார்கள். இதை நான் ஏற்கவில்லை. ஒரு பெண் தினமும் எத்தனை மணிக்கு வீட்டிலிருந்து கிளம்புகிறார், எந்த நிறுத்தத்தில் தனியாக நிற்கிறார் என்பதை அவரைப் பின்தொடர நினைப்பவனுக்கு நாமே எடுத்துக்கொடுத்ததாகிவிடும். போக்குவரத்து நெரிசலை அறிய, முகமோ வண்டி எண்ணோ தெரியாத அளவுக்கு மங்கலான காட்சியே போதும்.

பாதிக்கப்பட்டவரின் நிலை வேறு. வன்தட்டு நிறைந்ததும் பழைய பதிவின் மேலேயே புதியது பதிவாகிவிடும். பல அமைப்புகளில் 30 நாள்களுக்குள்ளேயே இது நடந்துவிடுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 முதல் நடைமுறையில் உள்ள தரவுப் பாதுகாப்பு விதிகள், தம்மைப் பற்றிய பதிவைக் கேட்கும் உரிமையைத் தனிநபருக்குத் தந்து, ஒரு மாதத்துக்குள் பதிலளிக்கச் சொல்கின்றன. நல்ல விதிதான், ஆனால் மாதக் கடைசியில் பதில் வரும்போது பதிவே அழிந்திருந்தால் என்ன பயன்? ஆகவே, விண்ணப்பம் வந்த அன்றே அந்த நேரத்துப் பதிவைத் தனியாக எடுத்துவைத்து, மற்றவர்களின் முகங்களை மறைத்து வழங்க வேண்டும். எந்தக் கேமராவின் பதிவை எந்த அலுவலர் எப்போது, எதற்காகத் திறந்தார் என்ற குறிப்பேட்டையும், காவல்துறைக்குக் கட்டுப்படாத ஓர் அமைப்பு ஆண்டுதோறும் தணிக்கை செய்து அறிக்கை வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்