கேட்டது ஆபத்தைப் பற்றி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வார இணைப்பிதழின் மருத்துவக் கேள்வி-பதில் பகுதியில் ஒரு வாசகி, தானும் கணவரும் அந்தரங்கத்தில் விரும்பியே ஒருவரையொருவர் கயிற்றால் கட்டிக்கொள்வதுண்டு என்றும், அதில் ஆபத்து ஏதும் உண்டா என்றும் கேட்டிருந்தார். "இது மனநோய், உடனே விட்டுவிடுங்கள்" என்று இரண்டு வரியில் பதிலை முடித்துவிட்டீர்கள். அவர் கேட்டது ஆபத்தைப் பற்றி. அதற்குப் பதில் வரவில்லை. எனக்கு அந்தப் பதில் தெரியும். என் மனைவியின் வலது கையைப் பணயம் வைத்துத் தெரிந்துகொண்டது.

எனக்கு வயது 51. கிரேன் தூக்கும் இயந்திரங்களுக்கு ஸ்லிங் (பாரம் தூக்கும் கயிறு) கட்டுகிற ரிக்கர் வேலையில் 26 வருஷமாக இருக்கிறேன். கயிற்றைப் பற்றி எனக்கு எவனும் சொல்லித்தர வேண்டாம் என்ற திமிர் நிறையவே இருந்தது. இந்த ஆசையை முதலில் சொன்னது என் மனைவிதான். (இந்தக் கடிதத்தையும் அவள் படித்துச் சரி சொன்ன பிறகே அனுப்புகிறேன்.) வீட்டில் கிடந்த நைலான் கயிற்றை எடுத்தேன். எங்கள் வேலையில் சோக்கர் என்று ஒரு கட்டு உண்டு. பாரம் இழுக்க இழுக்கத் தானே இறுகிப் பிடிக்கும். இரும்புக் குழாய்க்கு அதைவிட நல்ல கட்டு கிடையாது. அதே புத்தியில் அவள் மேற்கையில், முழங்கைக்கு மேலே, ஒரு சுருக்குப் போட்டுவிட்டேன்.

பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. "என்னங்க, கை மதமதன்னு இருக்கு" என்றாள். கொஞ்சம் பொறுத்துக்கொள் என்று சொன்னேன். நான் செய்ததிலேயே பெரிய தவறு அந்த ஒரு வார்த்தைதான். அவள் அசைந்ததில் சுருக்கு இன்னும் இறுகி, முடிச்சுப் பிரிய மறுத்தது. வெட்டுவதற்குப் பக்கத்தில் எதுவும் இல்லை. சமையலறைக்கு ஓடிக் கத்தி எடுத்துவந்து, தோலுக்கும் கயிற்றுக்கும் இடையே நடுங்கும் கையோடு அறுத்தேன். வலி போய்விட்டது. ஆனால் மணிக்கட்டு தொங்கிக் கிடந்தது. உள்ளங்கையைக் கவிழ்த்துப் பிடித்தால் கையை மேலே தூக்க முடியவில்லை, பெருவிரலும் எழவில்லை.

மணிக்கட்டையும் விரல்களையும் மேலே தூக்கவைக்கும் ரேடியல் நரம்பு மேற்கை எலும்பின் பின்புறமாகச் சுற்றி வெளிப்பக்கம் வருகிறது. அந்த இடத்தில் அது எலும்போடு ஒட்டிக் கிடப்பதால், அழுத்தம் வந்தால் ஒதுங்க வழியில்லை. குடித்துவிட்டு நாற்காலி முதுகில் கையைத் தொங்கப்போட்டுத் தூங்குகிறவர்களுக்கும் இதே மாதிரி வருமாம். டாக்டர்கள் அதற்கு 'சாட்டர்டே நைட் பால்சி' (சனிக்கிழமை இரவு வாதம்) என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கை மேலேயே படுத்துத் தூங்கிவிட்டேன் என்று என் மனைவி சொன்ன பொய்யை டாக்டர் உடனே நம்பினார். குடிப்பீர்களா என்று மட்டும் கேட்டார். வாழ்நாளில் குடிக்காதவள் தலையைக் குனிந்துகொண்டாள். கை பழையபடி தூக்க வர ஏழு வாரம் ஆயிற்று. அதுவரை அவளுக்கு நான்தான் தலை பின்னிவிட்டேன்.

பாரத்துக்கு நரம்பு கிடையாது. 26 வருஷத் தொழில் எனக்குச் சொல்லாமல் விட்டது அது ஒன்றைத்தான்.

நாங்கள் விட்டுவிடவில்லை. கற்றுக்கொண்டோம். இப்போது 6 மில்லிமீட்டர் சணல் கயிறு. சணலுக்குப் பிடிமானம் அதிகம் என்பதால் முடிச்சை இறுக்கிக் கட்ட வேண்டியதில்லை. ஒரே சுற்றாகப் போடாமல் மூன்று நான்கு சுற்று தட்டையாகப் போட்டால் அழுத்தம் பரவும். உள்ளே இரண்டு விரல் நுழைய வேண்டும். இழுத்தால் இறுகும் சுருக்கு உடம்பில் எங்கேயும் கூடாது. கழுத்துப் பக்கம் கயிறு போகவே கூடாது. அக்குள், முழங்கையின் உட்புறம், முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் உருண்டு நிற்கும் எலும்பு, இங்கெல்லாம் நரம்பு மேலாகவே ஓடுவதால் அங்கும் கூடாது. கட்டும் முன்பும், கட்டிய பிறகு சில நிமிஷத்துக்கு ஒரு தடவையும், என் உள்ளங்கையை எதிர்த்து அவள் கையை மேல்நோக்கித் தள்ளச் சொல்வேன். வலு குறைந்தால் அவிழ்க்க வேண்டியதுதான், பேச்சே கிடையாது. எல்லா நேரத்திலும் வலி எச்சரிக்கை தரும் என்று சொல்ல முடியாது. வலுதான் முதலில் போகலாம். நிறுத்துவதற்கு ஒரு வார்த்தை பேசி வைத்திருக்கிறோம். வாய் பேச முடியாத நேரத்துக்காகக் கையில் ஒரு சாவிக்கொத்து; அது கீழே விழுந்தால் எல்லாம் நின்றுவிடும். கட்டியவர் அறையை விட்டு ஒரு நிமிஷம்கூட நகரக் கூடாது. குடித்திருந்தால் கயிற்றையே தொடக் கூடாது. ஆளைத் தூக்கித் தொங்கவிடும் வேலையை நான் செய்வதில்லை. அசையும் பாரம் கொக்கியை எத்தனை மடங்கு இழுக்கும் என்று தினமும் பார்க்கிறவன் நான்.

இதையெல்லாம் யாரிடம் கற்றோம் என்று கேட்பீர்கள். ஷிபாரி என்ற ஜப்பானியக் கட்டுமுறையைப் பல வருஷமாகப் பழகுகிறவர்கள் சிலர் மாதம் ஒருமுறை கூடுகிறார்கள். பட்டப்பகலில், பொது இடத்தில், சாதாரண உடையில். கயிறும் இல்லை, சொந்தப் பெயரும் இல்லை, போட்டோவுக்கு அனுமதியும் இல்லை. முதல் தடவை போனபோது சீட்டுக் கம்பெனிக் கூட்டம் மாதிரி இருக்கிறதே என்றாள் என் மனைவி. அங்கே யாரிடம் கற்பது என்று தேர்ந்தெடுக்க அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். கட்டுகிறவர்களை விட்டுவிட்டு, அவர்களிடம் கட்டப்பட்டவர்களிடம் போய்ப் பேசினாள். "உங்கள் கையில் இதுவரை என்ன விபத்து நடந்தது?" என்று கட்டுகிறவர்களிடமும் கேட்டாள். ஒன்றுமே நடந்ததில்லை என்று மார்தட்டியவரிடம் நாங்கள் போகவில்லை. முதல் சந்திப்பிலேயே "தனியாக என் வீட்டுக்கு வாருங்கள், சொல்லித்தருகிறேன்" என்றவரிடமும் போகவில்லை. தன் பயிற்சியில் ஒருத்திக்கு விரல் மரத்துப்போனதையும் அன்றோடு தான் மாற்றிக்கொண்டதையும் மறைக்காமல் சொன்ன ஓர் அம்மாவிடம்தான் கற்றோம்.

மனநோய் என்றீர்களே, அதற்கும் ஒரு வார்த்தை. உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-11 நோய்ப் பட்டியல் 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. வயதுவந்தவர்கள் மனமொத்துச் செய்வதை மட்டும் வைத்து அது நோய் என்று சொல்லவில்லை. சம்மதம் இல்லாதவரைத் துன்புறுத்தும் தீராத வேட்கை அதில் கோளாறு. பதில் எழுதிய மருத்துவர் படித்த காலத்துப் பட்டியல் வேறாக இருந்திருக்கலாம்.

விட்டுவிடுங்கள் என்று படித்த அந்த வாசகி விட்டிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. கை தொங்கிப்போனால் அவரும் டாக்டரிடம் தூங்கிவிட்டேன் என்றுதான் சொல்வார். அடுத்த இதழில் அவருக்கு உருப்படியாக ஒரு பதில் போடுங்கள். முழுக் கடிதத்துக்கு இடமில்லை என்றால், பேண்டேஜ் வெட்டும் மழுங்கல் முனைக் கத்தரிக்கோலைக் கை எட்டும் தூரத்தில் வைக்கச் சொல்லி ஒரு வரியாவது போடுங்கள்.

அந்தக் கத்தரிக்கோலைக் கட்டப்படுகிறவர்தான் வாங்க வேண்டும் என்று என் மனைவி சேர்க்கச் சொல்கிறாள். எங்கள் வீட்டில் இருப்பது அவள் வாங்கியதுதான்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகர்