பிறந்தநாள் வேண்டாம், வேறு எண் அனுப்புங்கள்

அன்புள்ள மொரீஷியஸ் தமிழ்ப் பெற்றோருக்கு,

வணக்கம். இந்தக் கடிதத்தை உங்கள் பிள்ளையே உங்களுக்கு வாசித்துக் காட்டட்டும். தமிழ் வாசிக்கத் தெரிந்த அம்மா அப்பாக்கள் ஆர்வத்தில் பிடுங்கி வாசித்துவிட வேண்டாம். இதுவும் இந்த வார வீட்டுப்பாடம்தான்.

சில வாரங்களாகப் பிள்ளைகள் பஸ் எண், கார் எண் என்று கண்ணில் பட்டதையெல்லாம் பாடிக்கொண்டு திரிவதைக் கேட்டிருப்பீர்கள். காரணம் நாங்கள்தான். சனிக்கிழமைப் பாட்டு வகுப்பில் சரளி வரிசை என்ற தொடக்கப் பயிற்சியைப் பாடிப் பாடிச் சலித்தவர்களுக்காக எங்கள் பாட்டு ஆசிரியை ஒரு விளையாட்டைத் தொடங்கினார். 1 என்றால் ச, 2 ரி, 3 க, இப்படியே போய் 7 நி. 8 மேல் ச, 9 மேல் ரி. 0 வந்தால் வாயை மூடிக்கொண்டு தாளம் மட்டும். ராகம், அவர்கள் ஏற்கெனவே பாடுகிற மாயாமாளவகௌளை. பிறந்த தேதியை நாள், மாதம், ஆண்டு என்று எழுதினால் எட்டு இலக்கம். ஆதி தாளத்துக்கும் எட்டு அட்சரம், அதாவது எட்டு எண்ணிக்கை. நாளும் மாதமும் முதல் நான்கு அட்சரமான லகுவில் உட்கார்ந்துகொள்கின்றன, ஆண்டு இரண்டிரண்டு அட்சரமான இரண்டு துருதங்களில். அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி.

ஸ்வரத்துக்கு எண் வைப்பது எங்கள் கண்டுபிடிப்பு அல்ல. 1742-இல் பிரெஞ்சுச் சிந்தனையாளர் ரூசோ பாரிஸ் அறிவியல் கழகத்தின் முன் இப்படி ஒரு முறையை வைத்தார். அங்கே அது எடுபடவில்லை. சீனர்கள் இன்றும் 1 முதல் 7 வரை எண்களிலேயே பாட்டு எழுதுகிறார்கள், அங்கேயும் 0 மௌனம்தான். நம் கர்நாடக இசையில் இதையே தலைகீழாகச் செய்து வைத்திருக்கிறார்கள்: பெயருக்குள் எண்ணை ஒளித்தார்கள். எழுத்துகளுக்கு எண் வைக்கும் கடபயாதி முறையில் ம என்றால் 5, ய என்றால் 1. ஆக ‘மாயா’ 51, அதைத் திருப்பிப் போட்டால் 15. மேளகர்த்தா எனப்படும் எழுபத்திரண்டு தாய் ராகங்களில் மாயாமாளவகௌளை பதினைந்தாவது. மாளவகௌளை என்ற பழைய பெயருக்கு முன்னால் ‘மாயா’ வந்து ஒட்டிக்கொண்டதே இந்தக் கணக்குக்காகத்தான். இதைச் சொன்ன அன்று கணக்கில் ஆர்வமில்லாத இரண்டு பேர் வீட்டுக்குப் போகாமல் நின்று கேள்வி கேட்டார்கள். எனக்கு அது போதும்.

சரி, சிக்கலுக்கு வருகிறேன். முதல் வாரம் எல்லாருக்கும் ஒரே உற்சாகம். இரண்டாம் வாரம், எல்லாப் பாட்டும் ஒன்றுபோலவே இருப்பது தெரிந்துவிட்டது. நம் பிள்ளைகள் 2010-களில் பிறந்தவர்கள். எல்லார் ஆண்டும் ரி, மௌனம், ச என்றுதான் தொடங்கும். மாதத்தின் முதல் இலக்கம் 1-ஐத் தாண்டாது, நாளின் முதல் இலக்கம் 3-ஐத் தாண்டாது. ஆகவே யார் பாடினாலும் ச, ரி பக்கத்திலேயே நொண்டுகிறது. 10-10-2010 என்று போட்டுப் பாருங்கள்: எட்டு அட்சரத்தில் நான்கு மௌனம். தன் பாட்டில் பாதி சத்தமே இல்லை என்று ஒரு பையன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். மௌனம் வரும் இடத்தில் தாளத்தைப் பலமாகப் போடு என்றோம். இப்போது வகுப்பிலேயே கணக்குத் தப்பாமல் தாளம் போடுகிறவன் அவன்தான்.

அப்புறம் ஒரு சிறுமி தன் பாட்டியின் பிறந்த தேதியைக் கொண்டுவந்தாள். ஆண்டு 19 என்று தொடங்குகிறது. ச-விலிருந்து ஒரே தாவலில் மேல் ரி. வகுப்பே திரும்பிப் பார்த்தது. பாடுவது கடினம், பாதிப் பேருக்கு அந்த ரி எட்டவில்லை, ஆனாலும் எல்லாரும் அதைத்தான் பாட ஆசைப்பட்டார்கள். அன்றே நம் சுதந்திர தினத்தையும் போட்டுப் பார்த்தோம். 12-03-1968: ச, ரி, மௌனம், க, ச, மேல் ரி, த, மேல் ச. இரண்டு அடி வைத்து, கொஞ்சம் நின்று, அப்புறம் தாவி, மேல் ச-வில் போய் உட்கார்கிறது. யாரும் யோசித்து அமைத்த மெட்டு இல்லை. இருந்தாலும் மார்ச் 12 கொடியேற்றத்துக்கு இதைப் பாடலாம் என்று பிள்ளைகளே தீர்மானித்துவிட்டார்கள்.

அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். நவம்பர் 2 நிகழ்ச்சிக்குப் பிறந்தநாள் வேண்டாம். உங்கள் குடும்பத்தில் யாரோ ஒருவர் மனப்பாடமாக வைத்திருக்கும் ஓர் எண்ணை, அதன் கதையோடு எழுதி அனுப்புங்கள். பழைய வீட்டு எண், தாத்தா ஓட்டிய லாரியின் எண், அம்மாவின் பரீட்சை எண், எதுவானாலும் சரி.

எனக்கு மிகவும் வேண்டியது இன்னொன்று: கப்பலில் வந்த உங்கள் மூதாதையரின் எண். 1834 நவம்பர் 2-இல் அட்லஸ் கப்பலில் 36 பேர் போர்ட் லூயியில் வந்து இறங்கினார்கள். (அவர்கள் கல்கத்தாவிலிருந்து வந்தவர்கள். நம்மவர்களில் கைவினைஞர்கள் சிலர் பிரெஞ்சு ஆளுநர் லாபூர்தொனே காலத்திலேயே புதுச்சேரியிலிருந்து வந்துவிட்டார்கள். அதை இன்னொரு நாள் பேசுவோம்.) அதன் பிறகு ஏறக்குறைய நாலரை லட்சம் பேர் ஒப்பந்தக் கூலிகளாக இந்தத் தீவுக்கு வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண். பெயர்கள் எழுதுகிறவர் காதில் விழுந்தபடி உருமாறின. நம் குடும்பப் பெயர்களைப் பார்த்தாலே தெரியும். எண்கள் மாறவில்லை. அந்தப் பதிவேடுகள் மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்து ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. வீட்டில் பழைய சான்றிதழ் ஏதாவது இருந்தால் ஒரு முறை பிள்ளையோடு போய்க் கேட்டுப் பாருங்கள்.

வரிசை ஒரு லட்சத்தைத் தாண்டிய பிறகு வந்தவர்களுக்கு ஆறு இலக்கம். ரூபக தாளத்துக்கு ஆறு அட்சரம். நம் தீவின் ஆட்டப் பாட்டான செகாவும் ஆறாகத்தான் நடக்கிறது. உதாரணத்துக்கு 287163 என்று ஆசிரியை கரும்பலகையில் ஓர் எண் எழுதினார்: ரி, மேல் ச, நி, ச, த, க. முதலில் கையால் ரூபகம் போட்டுப் பாடினோம். பிறகு பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் செகாவுக்கு அடிக்கும் ராவான் என்ற தோல் பறையைக் கொண்டுவந்து, தோலை நெருப்பில் காட்டிச் சூடேற்றி, அதே ஆறு ஸ்வரங்களுக்கு வாசித்தார். பின்வரிசையில் இருந்தவர்கள் பாடுவதை விட்டு ஆடத் தொடங்கிவிட்டார்கள். நானும் தடுக்கவில்லை. மாயாமாளவகௌளையில் செகாவா என்று கேட்பவர்கள் நிகழ்ச்சிக்கு வந்து கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

நிகழ்ச்சியில் முதல் பாட்டு 02-11-1834 என்ற தேதியேதான். மௌனத்தில் தொடங்குகிறது, பிறகு ரி, அப்புறம் ச மூன்று முறை. மூன்று ச-வையும் ஒரே மூச்சில் பாடுவதற்குச் சின்னப் பிள்ளைகள் பழகிக்கொண்டிருக்கிறார்கள்.

எண்ணைப் பிள்ளைகள் தமிழ் எண்களில் எழுதித் தர வேண்டும். மறந்துபோனால் நம் ரூபாய்த் தாளைப் பாருங்கள். நூறு ரூபாய்த் தாளில் ரெங்கநாதன் சீனிவாசன் அவர்கள் படத்தை எல்லாரும் பார்க்கிறோம், தமிழ் எண்ணைத்தான் யாரும் பார்ப்பதில்லை. ஆனால் 3, 4, 6 எல்லாம் அதில் தேடினால் கிடைக்காது, அதற்குப் பாடப்புத்தகம்தான்.

எட்டு ராசியில்லாத எண், பிள்ளைக்குக் கொடுக்க வேண்டாம் என்று ஒரு பாட்டி சொல்லி அனுப்பியிருந்தார். பாட்டி மன்னிக்க வேண்டும். எங்கள் கணக்கில் எட்டுதான் மேல் ச, எல்லா மெட்டும் போய்ச் சேர ஏங்குகிற இடம். இது எண் சோதிடம் இல்லை. யாருக்கும் பெயர் மாற்றப் போவதுமில்லை.

அக்டோபர் 18-க்குள் எண்ணும் கதையும் வகுப்புக்கு வந்துவிட வேண்டும். அடையாள அட்டை எண், வங்கிக் கணக்கு எண், இப்போது பயன்படுத்தும் தொலைபேசி எண் வேண்டாம். வந்தால் பாடாமல் திருப்பி அனுப்பிவிடுவோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்

பி.கு.: போன சனிக்கிழமை ஒரு மாணவி தன் அப்பாவின் கைபேசிப் பூட்டு எண்ணை அருமையாகப் பாடினாள். வகுப்பு முழுவதும் இரண்டு முறை திரும்பப் பாடியது. அந்த அப்பா எண்ணை மாற்றிக்கொள்வது நல்லது.