இடம் மாறும் சிவப்புத் திட்டு

அன்புள்ள கண்ணா,

நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். திங்கட்கிழமை நாக்கு நுனியில் இருந்த சிவப்புத் திட்டு, இன்று வலது ஓரத்தில் இருக்கிறது. வழவழவென்ற சிவப்பு, சுற்றிலும் கோலம் போட்டாற்போல நெளிநெளியாக வெள்ளை விளிம்பு. இப்படி இடம் மாறுவதுதான் இதன் அடையாளம். ஜியாகிராஃபிக் டங், அதாவது வரைபட நாக்கு என்பார்கள். நூறு பேரில் 1 முதல் 3 பேருக்கு இருக்கும். புற்றுநோயாக மாறாது, யாருக்கும் தொற்றாது.

நாக்கின் மேல் நெருக்கமாக நிற்கும் நுண்ணிய இழைகளால்தான் அது சொரசொரப்பாக இருக்கிறது. அவை உதிர்ந்த இடம் சிவந்து, காரம் பட்டால் எரியும். சில நாளிலோ சில வாரத்திலோ அங்கே மறுபடி வளர்ந்துவிடும். வேறோர் இடத்தில் உதிரும். ருசி அறியும் மொட்டுகள் அந்த இழைகளில் இல்லை. அதனால் ருசி போய்விடுமோ என்று பயப்படாதே.

நீ அதைச் சுரண்டுவதுதான் எனக்குக் கவலை. அந்த வெள்ளை விளிம்பு அழுக்கு இல்லை, கண்ணா. டங் கிளீனரால் வழித்தால் புண்தான் ஆகும். எரிகிற நாட்களில் அதை எடுத்து வைத்துவிடு. பற்பசை அட்டையைத் திருப்பிப் பார்: நுரை வரச் சேர்க்கும் சோடியம் லாரில் சல்ஃபேட் என்று போட்டிருந்தால் அது இல்லாததாக மாற்று. பல்லை வெளுக்க வைக்கும் பேஸ்ட்டும், ஆல்கஹால் கலந்த மவுத்வாஷும் வேண்டாம். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பு கரைத்து, சாப்பிட்டபின் கொப்பளி. உப்பைக் கூட்டினால் எரிச்சல்தான் கூடும்.

ஊறுகாய், புளிக்குழம்பு, தக்காளி, அன்னாசி, கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் காபி இவையெல்லாம் எரிச்சலைக் கிளப்பும். எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்தினால் எது ஒத்துக்கொள்ளவில்லை என்றே தெரியாது. ஒரு வாரத்துக்கு ஒன்றாக நிறுத்திப் பார். எரியாவிட்டால் பத்தியமே தேவையில்லை, மருந்தும் தேவையில்லை.

கடையில் நீயாக பி காம்ப்ளெக்ஸ் வாங்கி விழுங்காதே. பி12 குறைந்தால் பெரும்பாலும் நாக்கு முழுவதுமே வழவழத்துச் சிவக்கும். இப்படி ஊர்ந்து திரியாது. சந்தேகமாக இருந்தால் ரத்தப் பரிசோதனை செய்துகொள்.

திட்டு ஒரே இடத்தில் இரண்டு வாரத்துக்கு மேல் நகராமல் நின்றாலோ, தொட்டால் கெட்டியாக இருந்தாலோ, ரத்தம் கசிந்தாலோ, விழுங்கச் சிரமமாக இருந்தாலோ மட்டும் தள்ளிப்போடாமல் பல் மருத்துவரிடம் காட்டு. அவருக்குக் காட்டவும் உதவும், அடுத்த திங்கட்கிழமை பகல் வெளிச்சத்தில் நாக்கை நன்றாக நீட்டி இன்னொரு படம் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அம்மா