மீன் ரூம் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு: குளிருக்கு முன் பார்க்க வேண்டியவை

வணக்கம் நண்பர்களே. மழை ஓய்ந்ததும் ராத்திரி குளிர் இறங்கிவிடும், அதற்குள் வண்ணமீன் தொட்டிகள் அடுக்கி வைத்திருக்கும் அவரவர் மீன் ரூமை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

முதலில் ஏர் புளோயர், அதாவது டியூப் வழியாகத் தொட்டிகளுக்குக் காற்று அனுப்பும் மெஷின். தரையில் வைத்திருப்பவர்கள் இன்றைக்கே தொட்டிகளின் நீர்மட்டத்துக்கு மேலே பலகை அடித்து ஏற்றிவிடுங்கள். போன வருஷம் ராத்திரி கரண்ட் போனபோது என் வீட்டில் தண்ணீர் டியூப் வழியாகத் திரும்பி இறங்கி, விடிந்து பார்த்தால் தரையெல்லாம் ஈரம், புளோயருக்குள் தண்ணீர், இரண்டு தொட்டி ஏஞ்சல் மீன் குஞ்சுகளும் அடியில் வெள்ளையாகக் கிடந்தன. இன்னும் மனசு ஆறவில்லை. இன்வெர்ட்டர் லைனில் புளோயரை மட்டுமாவது சேருங்கள். ஹீட்டர் வேண்டாம், பேட்டரியைக் குடித்துவிடும். கொஞ்ச நேரம் சூடு இல்லாவிட்டாலும் மீன் தாங்கும், நெருக்கமான தொட்டியில் காற்று இல்லாவிட்டால் தாங்காது.

அப்புறம் ஜன்னல் இடுக்குகளில் தெர்மாக்கோல் அடைத்து, தொட்டிகளுக்கு மூடி போடுங்கள். ரேக்கில் மேல்தட்டுதான் வெதுவெதுப்பாக இருக்கும், டிஸ்கஸ் மீன்களை அங்கே ஏற்றி 28 முதல் 30 டிகிரியில் வையுங்கள். கப்பி மீனுக்குக் கீழ்த்தட்டில் 24 டிகிரியே போதும்.

ஃபில்டரில் உள்ள ஸ்பான்ஜைக் குழாய்த் தண்ணீரில் கழுவாதீர்கள், குளோரின் பட்டால் அதில் இருந்து தண்ணீரைச் சுத்தமாக்கும் நல்ல பாக்டீரியா செத்துவிடும். தொட்டியில் இருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழியுங்கள்.

மாடியில் புதிதாக ரேக் போடுபவர்கள் இன்ஜினியரிடம் கேட்காமல் போடாதீர்கள். ஒரு தொட்டி 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் தண்ணீர் மட்டுமே கிட்டத்தட்ட 250 கிலோ.

ஞாயிறு சென்னை கொளத்தூர் வண்ணமீன் சந்தைக்குப் போகிறேன். ஸ்பான்ஜ் ஃபில்டர் வேண்டியவர்கள் சனி ராத்திரிக்குள் எத்தனை என்று சொல்லுங்கள்.